பட்டியல் எங்கள் பீரோவில் இருக்கிறது: சிஎஸ்ஆர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டாரத் தொழிற்சாலைகளின் சிஎஸ்ஆர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டிய சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணம், உங்களிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. என் மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் இருக்கிறேன். ஆக, உங்கள் பணம் கிளம்பும் இடமும் எனக்குப் பழக்கம், வந்து இறங்கும் இடமும் பழக்கம். இரண்டுக்கும் நடுவில் நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நீங்கள் சுயநலத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்று குற்றம் சாட்ட நான் வரவில்லை. சுயநலம் இருக்கிறது, இருக்கட்டும். நிலம் கொடுத்த ஊர் முறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, கன்டெய்னர் லாரி போகும் சாலையில் மறியல் வரக் கூடாது, ஆண்டறிக்கையில் நாலு குழந்தைகள் சிரித்தபடி நின்றால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் திருப்தி. வியாபாரம் செய்பவர்கள் வியாபாரக் கணக்குப் போடத்தான் செய்வார்கள். உங்கள் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்வதிலும் எனக்குப் புகார் கிடையாது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் ஊர்க்காரர்கள் நாங்கள்.

என் புகார் வேறு. எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்ற மூன்றையும் நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். வாங்கிக்கொள்கிறவர்களுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, வரிசையில் நின்று கைதட்டுவதைத் தவிர.

இந்தப் பணம் எப்படி வந்தது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135ஆவது பிரிவு இருக்கிறது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆரம்பத்தில் செலவழிக்காவிட்டால் காரணம் எழுதினால் போதும் என்று இருந்தது. 2021 ஜனவரியிலிருந்து அது போய்விட்டது. செலவழிக்காமல், உரிய நிதிக்கும் மாற்றாமல் விட்டால், அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், எது குறைவோ அது அபராதம். ஆகவே திறப்பு விழாவில் உங்கள் அதிகாரி "எங்கள் நிர்வாகத்தின் பெருந்தன்மை" என்று பேசும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு லேசாகச் சிரிப்பு வரும்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். கம்பெனி பெயர்கள் வேண்டாம். இதில் யாரோ ஒருவர் மட்டும் தனியாகத் தப்பு செய்துவிடவில்லை. ஒரு பிப்ரவரியில் ஆட்கள் வந்து வெளிச்சுவர் முழுக்க ரயில் பெட்டி வரைந்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் யானை, ஒட்டகச்சிவிங்கி. அழகாகத்தான் இருந்தது, பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. அடுத்த வருஷம் இன்னொரு கம்பெனி வந்து அதே சுவரில் சூரியக் குடும்பத்தை வரைந்தது. ரயில் அடியில் போய்விட்டது. அந்தக் காலம் முழுக்கப் பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் எரிந்து கிடந்தது. அதைச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டோம். "ரிப்பேர் எங்க புராஜெக்ட்ல வராது மேடம்" என்றார் வந்திருந்த தம்பி. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் பெயின்ட் என்றுதான் இருந்தது.

அப்புறம் ஆர்.ஓ. இயந்திரம். ரிப்பன் வெட்டிய நாளில் தண்ணீர் நன்றாகவே வந்தது. ஃபில்டர் மாற்ற வேண்டிய காலம் வந்தபோது, கல்வெட்டில் பொறித்திருந்த கம்பெனியில் அந்த வேலையைப் பார்த்தவர் மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு எங்கள் பள்ளி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இப்போது அந்த இயந்திரத்தின் மேல் விளையாட்டுச் சாமான் மூட்டை இருக்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்று யோசித்தால், கெட்ட எண்ணம் எதுவும் தேவைப்படவில்லை. பெயின்டும் இயந்திரமும் ஒரே நிதியாண்டில் பில் போட்டு முடிகிற செலவு. முன்பு, பின்பு என்று இரண்டு படம் எடுக்கலாம். பயனடைந்த மாணவர்கள் இத்தனை பேர் என்று எண்ணிக்கை எழுதலாம். கழிப்பறை கழுவும் அக்காவுக்கு மாதச் சம்பளம் என்று எழுதினால் எந்தப் படத்தைப் போடுவீர்கள்? அது மார்ச் 31ஓடு முடியவும் முடியாது. சட்டம் இடம் தராதே என்று உங்கள் கணக்குப் பிரிவு சொல்லக்கூடும். சட்டம் தருகிறது. "ஆன்கோயிங் புராஜெக்ட்" என்று உங்கள் இயக்குநர் குழு தீர்மானம் போட்டால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று நிதியாண்டுகள் வரை ஒரு வேலையை நடத்தலாம். அந்த ஆண்டில் செலவாகாத பணத்தை, ஆண்டு முடிந்த 30 நாட்களுக்குள் அதற்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்தால் போதும். இதே வேலையை மற்ற விஷயங்களுக்கு நீங்கள் செய்வதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆக, பிப்ரவரி மாதத்து அவசரத்துக்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க நீங்கள் ஆலோசனை நிறுவனங்களை வைத்து ஆய்வு நடத்துகிறீர்கள். அவர்கள் அனுப்பும் இளைஞர்கள் டேப்லெட் வைத்துக்கொண்டு வந்து கேள்வி கேட்கிறார்கள். எங்கள் பதில் தேவைப்படாத கேள்விகளாகத்தான் பெரும்பாலும் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. நாங்கள் தயாரித்திருக்கிறோம். எது முதலில், எது அடுத்து, எதற்குத் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று எழுதி வைத்திருக்கிறோம். தலைமையாசிரியர் அறை பீரோவில் அந்தப் பட்டியல் இருக்கிறது. சாவியும் அவரிடம்தான். கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் கவனம் எங்கள்மேல் விழுவதே நாங்கள் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான். உள்ளூருக்கு முன்னுரிமை என்று சட்டமே சொல்கிறது. அதனால் கம்பெனி இருக்கும் இடத்துக்குப் பணம் போகிறது. 2022-23இல் நாடு முழுக்கச் சிஎஸ்ஆர் செலவு சுமார் 30,000 கோடி ரூபாய். அதில் அதிகம் வாங்கிய மாநிலம் மகாராஷ்டிரா. கம்பெனியே இல்லாத கல்வராயன் மலைப் பள்ளிக்கு யார் போய்க் கேட்பார்கள்? எங்கள் சுவருக்கு இரண்டு தடவை பெயின்ட்.

இந்த ஊரில் பள்ளிக்குக் கொடுப்பது புதுப் பழக்கம் இல்லை. காமராசர் காலத்து மதிய உணவு, 1950களில் ஊர்மக்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும் தொடங்கியதுதான். நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார்கள். நிலம், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று கொடுத்தவர்களில் பணக்காரர்களும் இருந்தார்கள், ஒன்றும் இல்லாதவர்களும் இருந்தார்கள். பெயருக்காகக் கொடுத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம். பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்தக் கொடை கொடையாகவே நின்றுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு இப்போது எங்கள் பள்ளியிலும் உண்டு.

என் மகள் தட்டில் இருக்கும் முட்டைக்கு இன்று உபயதாரர் கிடையாது. அதைச் சாப்பிடுவதற்காக அவள் யாரையும் பார்த்துப் புன்னகைக்க வேண்டியதில்லை. முட்டை அழுகியிருந்தால் நான் போய் சத்துணவு அமைப்பாளரிடம் சண்டை போடுவேன், போட்டும் இருக்கிறேன். உங்கள் ஆர்.ஓ. இயந்திரம் நின்றபோது என்னால் யாரிடமும் சண்டை போட முடியவில்லை. "இலவசமாகக் கொடுத்ததில் குறை சொல்றீங்களே" என்ற பதில் தயாராக இருந்தது.

கர்நாடகத்தில் ஓர் ஆன்மிக அமைப்பின் அறக்கட்டளை பல ஆண்டுகளாகப் பள்ளிகளுக்கு மதிய உணவு சமைத்துத் தருகிறது. அந்தச் சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது, முட்டை கிடையாது. 2018, 2019 வாக்கில் இதைப் பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்தது. சுத்தமான சமையலறை, நேரத்துக்கு வரும் வண்டி, எல்லாம் சரி. ஆனால் யாரோ ஒருவரின் நம்பிக்கை, வேறு வீட்டுப் பிள்ளைகளின் தட்டில் என்ன இருக்கலாம் என்று தீர்மானித்தது. அதே மாநிலத்தில் 2024இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை வேறு மாதிரி செய்தது. மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் தருவதாக அரசோடு ஒப்பந்தம் போட்டது. பிள்ளைகளுக்கு வாரம் ஆறு நாளும் முட்டை, கொடுப்பது அரசின் திட்டத்தின் வழியாகவே. பெரும் பணக்காரரின் பணம்தான் அதுவும். மூன்று ஆண்டு முடிந்ததும் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. இருந்தாலும் எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. தனியாக ஒரு கடை விரிக்காமல், ஏற்கெனவே இருக்கும் பொது அடுப்பில் போய்ச் சேர்ந்தது அந்தப் பணம்.

இனிச் சொல்லப் போவது உங்களுக்கு அவ்வளவு பிடிக்காது.

2020இல் கொரோனா வந்தபோது கம்பெனி விவகார அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் சிஎஸ்ஆர் கணக்கில் வரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் வராது என்றது. அந்த ஓரவஞ்சனையைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்த வரி வேறொன்று. ஊரடங்கில் தொழிலாளிக்குக் கூலி கொடுப்பதைச் சிஎஸ்ஆர் என்று கணக்குக் காட்டக் கூடாது, அது முதலாளியின் கடமை என்று அதில் இருந்தது. கடமை ஒரு பக்கம், கொடை இன்னொரு பக்கம். அரசாங்கச் சுற்றறிக்கையில் இவ்வளவு தெளிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கோட்டைத் தாண்டிப் போன பெரிய மனிதர் ஒருவரின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆண்ட்ரூ கார்னகி, அமெரிக்க எஃகுத் தொழிலதிபர். பணக்காரனிடம் சேரும் செல்வம் அவன் காலத்திலேயே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று 1889இல் எழுதினார். அதே பணத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக மக்களிடம் பிரித்துக் கொடுத்தால் அது வீணாகத்தான் போகும், மொத்தமாக வைத்துச் செலவழிக்கத் தெரிந்தவன் செலவழித்தால் அவர்களுக்கே நல்லது என்பதும் அவருடைய வாதம். மூன்று ஆண்டு கழித்து, 1892இல், பிட்ஸ்பர்க் அருகே ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலியைக் குறைக்கப் போனார்கள். தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஆலை மூடப்பட்டது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆலையைக் கவனித்த ஃபிரிக் என்பவர், பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்திலிருந்து 300 பேரைப் படகில் ஏற்றி வரவழைத்தார். ஜூலை 6ஆம் தேதி ஆற்றங்கரையில் சண்டை. இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். பிறகு மாநிலப் படை வந்தது, சங்கம் உடைந்தது. அங்கே 12 மணி நேர வேலை நிலைத்தது. 1898இல் அதே ஊருக்குக் கார்னகி ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். நீச்சல் குளம், இசை அரங்கம் எல்லாம் சேர்ந்த அருமையான கட்டடம். உலகம் முழுக்க இப்படி 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். சொத்தின் பெரும்பகுதியைச் சாவதற்குள் கொடுத்தும் விட்டார்.

அவர் நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. தான் செய்வது நல்லது என்று மனதார நம்பியிருப்பார். அந்த நூலகங்களில் படித்து முன்னேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். புத்தகம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உலைக்குப் பக்கத்தில் 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவன் எப்போது படிப்பான்? தனக்குக் கூலி வேண்டுமா, நூலகம் வேண்டுமா என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டும் என்று சொல்லியிருப்பான்.

இங்கே வருவோம். எங்கள் பள்ளியில் ஒரு கம்பெனி "பெற்றோர் விழிப்புணர்வு முகாம்" நடத்தியது. பிள்ளைகளின் படிப்பில் பெற்றோர் அக்கறை காட்ட வேண்டும் என்று ஒருவர் நன்றாகப் பேசினார். பந்தலில் பாதி நாற்காலி காலி. வராத பெற்றோரில் பலர் இதே வட்டாரத்து ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஷிஃப்டில் இருந்தார்கள். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் இதே கதைதான். உங்களால் உடனே செய்ய முடிகிற ஒரு உதவியைக் கேட்கிறேன்: பள்ளிக் கூட்டம் நடக்கும் நாளில், பிள்ளை அங்கே படிக்கும் தொழிலாளிக்கு, ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, கூலி பிடிக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். சொந்தத் தொழிலாளிக்குச் செய்வதைச் சிஎஸ்ஆரில் எழுத விதி அனுமதிக்காது. சாதாரணச் செலவில்தான் எழுத வேண்டியிருக்கும். தெரிந்துதான் கேட்கிறேன்.

2021 டிசம்பரில் இதே வட்டாரத்தில் ஒரு மின்னணு ஆலையில் வேலை பார்த்த பெண்கள், தங்கியிருந்த விடுதிச் சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் வந்து உட்கார்ந்தார்கள். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டதில் முக்கியமானது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். இரண்டிலும் யாரும் நன்கொடை கேட்கவில்லை.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 செப்டம்பர் 20 அன்று, சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரி விகிதம் 30இலிருந்து 22 சதவீதமாகக் குறைந்தது. இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அறிவித்தது அரசேதான். முதலீடு பெருகும், வேலை பெருகும் என்று காரணம் சொன்னார்கள். அந்த விவாதம் தனி. நான் கணக்கு எழுதுகிறவள் என்பதால் இந்த 1,45,000 கோடியையும் முன்பு சொன்ன சிஎஸ்ஆர் செலவு 30,000 கோடியையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தேன். மேலே இருப்பதற்குத் திறப்பு விழா நடக்கவில்லை. வரியாக வந்திருந்தால், அதில் ஒரு பகுதி கல்வராயன் மலைக்கும் போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கலாம், அரசின் லட்சணம் எனக்குத் தெரியாததா? ஆனால் அரசிடம் கணக்குக் கேட்க எனக்கு ஓட்டு இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் இயக்குநர் குழுவிடம் கேட்க என்ன இருக்கிறது?

நோக்கியா இங்கே 2006இல் வந்தது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ஆலைகள் வரும், போகும். பள்ளி அதே இடத்தில்தான் இருக்கும். கிளம்பிப் போகக்கூடியவர் கொடுக்கும் பொருளைப் பராமரிக்கிற பொறுப்பு யாருக்கு என்பதை, கொடுக்கும் அன்றே எழுதி வைத்துவிட்டால் நல்லது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் வராதீர்கள், ஏப்ரலில் வாருங்கள். கையில் திட்டத்தோடு வராதீர்கள். மேலாண்மைக் குழு மாதாமாதம் கூடுகிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை நடக்கிறது. உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அங்கே சொல்லுங்கள். பட்டியலை எடுத்து வைக்கிறோம். எதை முதலில் செய்வது என்று ஊர் முடிவு செய்யட்டும். முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், சில சமயம் முட்டாள்தனமாகக்கூட இருக்கலாம். உங்கள் ரயிலும் சூரியக் குடும்பமும் மட்டும் என்னவாம்? வேலை முடிந்ததும் உங்கள் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை மட்டும் வெயிலில் நிற்க வைக்க வேண்டாம்.

கழிப்பறை மோட்டாரை ஊர்க்காரர்கள் காசு போட்டுச் சரிசெய்துவிட்டோம். அதைப் பட்டியலில் அடித்தாயிற்று. இப்போது முதல் வரியில் இருப்பது துப்புரவுப் பணியாளரின் சம்பளத்தில் விழும் பற்றாக்குறை, மூன்று ஆண்டுகளுக்கு. இரண்டாவது, ஆர்.ஓ. இயந்திரத்துக்கு ஃபில்டரும் வருடாந்தரப் பராமரிப்பும். பதில் எழுதுவதாக இருந்தால் பள்ளி முகவரிக்கே எழுதுங்கள், அடுத்த கூட்டத்தில் வாசித்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.